தந்தி மேசையில் ஒரு கிதார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியது எனக்கும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, மைக் முன்னால் பாடிய பழக்கம் போதாது என்று பாட்டுத் தேர்வில் திருப்பி அனுப்பியதைச் சொன்னாய். இனிமேல் பாட்டே வேண்டாம், வேலையை மட்டும் பார்க்கிறேன் என்றாய். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாய். அதனால்தான் நான் போனை வாங்கவில்லை. ஆனால் மூன்று நாளாக மனசு கேட்கவில்லை.

போன வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில் ஒரு மியூசியத்துக்கு எங்களைக் கூட்டிப்போனாயே, நினைவிருக்கிறதா? அம்மா உட்கார இடம் தேடினாள். நான் ஒரு கிதார் முன்னாலேயே நின்றுவிட்டேன். மார்ட்டின் கம்பெனி 1933இல் செய்தது. விரல் வைக்கும் பட்டையில் முத்துச்சிப்பியை இழைத்துச் சொந்தக்காரர் பெயரைக் கையெழுத்து மாதிரி பதித்திருந்தார்கள்: ஜீன் ஆட்ரி. அந்த மியூசியமே அவர் தொடங்கியதுதான். குதிரைமேல் உட்கார்ந்து பாடும் கௌபாய் சினிமாக்காரர் என்றாய் நீ. எனக்கு அன்றைக்கு வேறொன்றும் தெரியாது. ஊருக்கு வந்தபிறகுதான் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அவர் ரயில்வேயில் தந்தி அடித்தவர், பாப்பா. என்னைப் போல.

1907இல் டெக்சஸில் டியோகா என்ற சின்ன ஊர்ப்பக்கம் பிறந்தவர். தாத்தா பாதிரியார். அதனால் ஐந்து வயதிலேயே தேவாலயத்தில் பாட நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் சியர்ஸ் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்துத் தபாலில் வரவழைத்தார் முதல் கிதாரை. விலை 8 டாலர். பிறகு ஓக்லஹோமாவில் ஃபிரிஸ்கோ ரயில் பாதையில் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் தந்தி வேலை, அதுவும் நைட் டியூட்டி.

அந்த நைட் டியூட்டி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஒரு வண்டி போனால் அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம். விளக்கு, மேசை, கட்கட என்று எப்போது கூப்பிடும் என்று தெரியாத அந்தக் கருவி. நாங்கள் செய்தியைக் கண்ணால் படிப்பதில்லை, காதால் வாங்கித்தான் எழுதுவோம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் செய்தியே இருக்கும். அது தாளம்தான். அடிக்கிற கையைக் கேட்டே எதிர்முனையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவோம். தூக்கம் வராமலிருக்க அவர் கிதாரை எடுத்துக்கொண்டார்.

செல்சி என்ற ஊரில் அப்படிப் பாடிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, தந்தி கொடுக்க வந்த ஒருவர் நின்று கேட்டாராம். வில் ரோஜர்ஸ், அந்தக் காலத்து அமெரிக்காவில் மேடை, சினிமா, பத்திரிகை எல்லாவற்றிலும் பெரிய பெயர். ரேடியோவில் பாடப் போ என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்ரி ஆயுள் முழுக்கச் சொல்லிவந்த கதை இது.

அதன்பிறகு நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதமே. ரயில்வே பாஸை எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார். ரெக்கார்டு கம்பெனியில் பாடிக் காட்டினார். எடுக்கவில்லை. குரல் இருக்கிறது, மைக் பழக்கம் இல்லை, ஊருக்குப் போய் ரேடியோவில் கொஞ்ச நாள் பாடிவிட்டு வா என்றார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வார்த்தைதான்! அவர் திரும்பி வந்து மறுபடி தந்தி மேசையில் உட்கார்ந்தார். அதோடு நிற்காமல் டல்சா ரேடியோ நிலையத்துக்கும் போய்ப் பாட ஆரம்பித்தார். கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுத்த மாதிரி, அவர்கள் சொன்னதை அடுத்து இறங்க வேண்டிய இடமாக எடுத்துக்கொண்டார். 1929இல் அதே நியூயார்க்கில் ரெக்கார்டு கொடுத்தார்.

அந்த ஆரம்பப் பாட்டுகளை யூடியூபில் கேட்டேன். அப்போது கொடிகட்டிப் பறந்த பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் குரல் அச்சாக அப்படியே இருக்கிறது. நாங்கள் எல்லாரும் டி.எம்.எஸ். குரலில் பாடித் திரிந்தோமே, அது போல. தன் குரல் எது என்று கண்டுபிடிக்க அவருக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் பிடித்தது. 1931இல் வந்த ஒரு பாட்டு அவரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவரோடு சேர்ந்து அதை எழுதியவரும் பாடியவரும் ஜிம்மி லாங், அவரும் ரயில்வேக்காரர்தான். தன்னால் நரைத்த அப்பாவின் தலையைப் பார்த்து ஒரு பிள்ளை வருந்துகிற பாட்டு. அம்மாவுக்கும் அர்த்தம் சொல்லிக் கேட்கவைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சினிமா 1934இல் வந்தது. பேசும் படம் வந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. சண்டைக்கும் குதிரை ஓட்டத்துக்கும் நடுவே கதாநாயகனே கிதாரை எடுத்துப் பாடினால் சின்ன ஊர் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்பதை அவர் படங்கள் காட்டின. நடிப்பு தனக்குச் சுமார்தான் என்று அவரே ஒத்துக்கொண்டவர். ஆனாலும் 93 படம். சாம்பியன் என்ற குதிரைக்கும் படத்தில் பெயர் போடுவார்கள். 1938இல் படக் கம்பெனியோடு தகராறு. அவர் படம் வேண்டுமென்றால் மற்ற படங்களையும் சேர்த்து எடுக்கவேண்டும் என்று தியேட்டர்காரர்களைக் கட்டாயப்படுத்தினார்கள், அவருக்குச் சேரவேண்டியதையும் சரியாகத் தரவில்லை. வேலைக்குப் போகாமல் நின்றார். அந்த இடத்தில் கம்பெனி கொண்டுவந்து நிறுத்திய புதுப் பையன்தான் ராய் ராஜர்ஸ். அவரும் பெரிய ஆளானார். அதில் ஆட்ரிக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

புகழ் உச்சியில் இருந்தபோது, 1942இல், ராணுவ விமானப்படையில் சேர்ந்தார். நம் அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கும் பெட்ரோலும் கொண்டுபோன ஹம்ப் வழியில் அவரும் விமானம் ஓட்டியிருக்கிறார். எத்தனையோ விமானங்கள் விழுந்த வழி அது. திரும்பி வந்து மறுபடி பாடினார். டிசம்பர் வந்தால் உங்கள் ஊர்க் கடைகளில் ஓயாமல் போடுகிறார்களே, சிவப்பு மூக்கு மான் பாட்டு, அது 1949இல் இவர் பாடியது. முதலில் அவருக்கு அது பிடிக்கவேயில்லையாம். மனைவி ஐனாதான் பாடச் சொல்லி வற்புறுத்தினார்.

மியூசியம் வைக்கவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த பொருள்களில் நிறைய 1962இல் காட்டுத்தீயில் பண்ணையோடு எரிந்துபோயின. நாம் போன கட்டடம் திறந்தது 1988இல். அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது.

இப்போது உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். நானும் ஒரு முறை வானொலித் தேர்வுக்குப் போனேன். கல்யாணத்துக்கு முன்னால், விருத்தாசலம் பக்கம் வேலையில் இருந்தபோது. ராத்திரி வண்டிகளுக்கு நடுவே சீர்காழி பாட்டுப் பாடுவேன். தண்டவாளம் பார்த்துக்கொள்ளும் கேங்மேன் ஒருவர் வேலை முடிந்தும் போகாமல் படியில் உட்கார்ந்து கேட்பார். அவர்தான் விண்ணப்பம் போடச் சொன்னார். பாஸ் எழுதி வாங்கிப் போனேன். மூன்று நிமிஷம் பாடவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து அச்சடித்த காகிதம் வந்தது. சுருதி சரியாக இருக்கிறது, பயிற்சி தேவை, ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. நான் அந்தக் கடைசி வரியைப் படிக்கவில்லை. படித்தேன், ஆனால் அது எனக்கு எழுதியது என்று எடுத்துக்கொள்ளவில்லை. காகிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டேன். கேங்மேனிடம் ரிசல்ட் வரவில்லை என்று பொய் சொன்னேன். அவர் ரிட்டயர் ஆகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை, பாப்பா. அதைத்தான் எழுத நினைத்தேன். அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன், மடித்த இடத்தில் கிழிந்திருக்கிறது.

உன்னைத் திருப்பி அனுப்பியவர்கள் மைக் பழக்கம் வேண்டும் என்றார்கள் அல்லவா? எங்கே போய்ப் பழகுவது என்று அவர்களையே கேள். கேட்க வெட்கமாக இருந்தால் உங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் நிகழ்ச்சிக்குப் பெயர் கொடு. வேலையை விடச் சொல்லவில்லை. வேலை இருக்கட்டும்.

தேர்வில் பாடிய அந்தப் பதிவை எனக்கு அனுப்பு. இங்கே ராத்திரி பத்து மணிக்கு மேல் அனுப்பினால் நல்லது, அப்போது தெரு அடங்கியிருக்கும். ஹெட்போன் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது இருக்கிறது.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் வடகமும் கட்டி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் வரும் இருபதாம் தேதி கிளம்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா