புல்வெளியில் மரம் நடாதீர்கள்: மலையுச்சியைக் காக்கும் பொறுப்பிலுள்ளவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நீலகிரியின் குந்தா பகுதியில் எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் சிற்றூருக்கு மேலே நிற்கும் மலையுச்சியில் கடந்த மாதம் நடைபெற்ற மரக்கன்று நடும் விழாவைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் நான் தனியாக ஏறிச் சென்று பார்த்தேன். உச்சிக்குச் சற்றுக் கீழே, காற்றும் பனியும் மட்டுமே ஆளும் அந்தத் திறந்த சரிவில், வரிசை வரிசையாகக் குழிகள் தோண்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் வேரோடு பெயர்த்தெடுத்த புல் கவிழ்ந்து கிடந்தது. நட்டவை இம்மலைக் காட்டுக்கே உரிய சோலை மரங்கள்தானே, அயல் மரங்கள் அல்லவே என்று விழாவில் கூறப்பட்டது. சோலை மரமும் தன் இடத்தில் நின்றால்தான் சோலை மரம். நீரோடும் மலைமடிப்புகளில் சோலை, வெட்டவெளி முகடுகளில் புல் என்பது இந்த மலை தானே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. மார்கழி, தை மாதங்களின் உறைபனி, திறந்த வெளியில் நிற்கும் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும். உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்த கரிய மக்குமண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே புல்வெளி இருந்ததற்கான தடயங்களைக் கண்டிருக்கிறார்கள். காட்டை அழித்ததால் உண்டான வெற்றிடம் அல்ல இது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே: புல்வெளியில் எந்த மரத்தையும் நடாதீர்கள், அதற்கான பணத்தையும் ஆட்களையும் சீகை (வாட்டில்) என்னும் அயல் மரத்தின் நாற்றுகளைப் பிடுங்கும் பணிக்குத் திருப்பிவிடுங்கள்.

இதை நான் அழகுக்காகக் கேட்கவில்லை. அந்தச் சரிவின் அடியிலுள்ள சதுப்பிலிருந்து கசியும் ஊற்றுதான் எங்கள் ஹட்டியின் குடிநீர். புல் மழையைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும். சதுப்பு அதைத் தேக்கி, கோடை முழுவதும் சிறுகச் சிறுக விடும். என் சிறுவயதில் பங்குனியிலும் எங்கள் கல்தொட்டி நிரம்பி வழியும். சதுப்பைச் சுற்றிச் சீகை மரம் அடர்ந்த பிறகு, ஆண்டுக்கு ஆண்டு அந்த நீர் மெலிந்து, இந்த மார்ச் மாதத்தில் தொட்டியின் அடி தெரிந்தது. வீட்டுக்கு நான்கு குடம் என்று ஊர் கூடி முறை வைத்தோம். எழுபது வயதைக் கடந்த என் அத்தைக்கு வாய்த்த முறை விடியற்காலை மூன்று மணி. ஒரு கையில் டார்ச் விளக்கும் மறு கையில் குடமுமாக, காட்டெருமைகள் நிற்கும் தேயிலைத் தோட்டத்தின் வழியே அவர் இறங்கிப் போவார். ஒரு நாள் வழியில் காட்டெருமை நின்றதால் அது நகரும்வரை இருட்டில் காத்திருந்து, முறை தவறி, வெறுங்குடத்தோடு திரும்பினார். நான்கு குடம் நீருக்காக ஒரு முதியவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க நேர்ந்த பிறகும், ஊற்றுக்கு மேலுள்ள அந்தச் சரிவிலேயே, நீர் குடிக்கும் கன்றுகளை மேலும் நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டதை எங்களால் எளிதில் மறக்க முடியவில்லை.

மரம் நீரைக் குறைக்கும் என்பது எங்கள் ஊரார் கட்டிய கதை அன்று. நீலகிரியின் கிளன்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு நடத்திய நெடுநாள் ஆய்வில், புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்ட முதல் பத்தாண்டுகளிலேயே ஓடிவரும் நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது பதிவாகியுள்ளது. இது தங்கள் அலுவலக அலமாரியிலும் இருக்கக்கூடிய செய்திதான்.

இந்தத் தவறுக்கு வயது அதிகம். இங்கே வந்த ஆங்கிலேயர் தங்கள் நாட்டு மேட்டுவெளிகளின் நினைவில் இந்தப் புல்வெளிக்கு 'டவுன்ஸ்' என்று பெயரிட்டார்கள். அங்கிருந்து முட்புதர்களையும் மஞ்சள் பூப் புதர்களையும் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் கற்பூரத்தையும் இறக்கினார்கள். அவர்கள் போன பின்பும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் புல்வெளிகள் நம் கையாலேயே தோட்டங்களாயின. மரம் இல்லாத நிலம் தரிசு என்று ஏட்டில் எழுதிய பழக்கம் இன்றும் தொடர்கிறது. நீலகிரியின் தொல்குடியினரான தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் புல் இந்தச் சதுப்புகளில்தான் வளர்கிறது. வரையாடு மேய்வது இத்தகைய உச்சிகளின் புல்லைத்தான். எதை வைத்து இதைத் தரிசு என்கிறோம்? அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டில் வரையாட்டுக்கெனத் தனித் திட்டமும் அறிவித்தது. கோட்டையில் எழுதப்பட்டது எங்கள் மலையேறி வருவதற்கு இத்தனை காலமா ஆக வேண்டும்?

மனம் பொறுக்காமல் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேனாயின் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் கேட்பது பெரிதன்று. உறைபனி தொடங்கும் முன்னரே, சரிவில் நட்ட கன்றுகளைப் பக்குவமாக எடுத்து, சோலை அழிந்துபோன மலைமடிப்புகளில் மாற்றி நடுங்கள். குழிகளை அதே புல்கட்டியால் மூடுங்கள். சதுப்பைச் சுற்றியுள்ள சீகையை வெட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும்; வெயில் பட்டவுடன் ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு நாற்றுகள் எழும். ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப் பின் அவற்றைக் கையால் பிடுங்க ஆளும் கூலியும் ஒதுக்குங்கள். புல்வெளியில் மட்டும், தயவுசெய்து, மரம் நடாதீர்கள்.

நாற்றுப் பிடுங்கும் நாளைத் தாங்கள் குறித்தால், வீட்டுக்கு ஒருவராக நாங்களும் உச்சிக்கு வருகிறோம். அந்த நாளுக்காகக் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
குந்தா மலையின் ஹட்டிவாசி ஒருவர்