எச்சிலைக் கொடுக்கும் முன் எண்ணைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் வாரிசுகள் பூர்வீக ஊரைத் தேடித் தமிழகம் வருகிறார்கள். பலர் கையில் டி.என்.ஏ. அறிக்கை மட்டுமே இருக்கிறது. அதில் 'தென்னிந்தியா' என்றிருக்கும்; ஊர் இருக்காது.

முதலில் வேண்டியது கப்பல் பதிவேட்டு எண். 1860 நவம்பர் 16-இல் டர்பன் துறைமுகம் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை இறங்கிய ஒப்பந்தக் கூலிகளுக்கெல்லாம் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் தழும்பு எல்லாம் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும். தாத்தா, பாட்டியின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் அதைத் தேடுங்கள். வெறும் பெயரை வைத்துத் தேடினால் 'மூன்சாமி' என்று எழுதப்பட்ட முனுசாமிகள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

'வட ஆற்காடு' என்றிருந்தால் சிலர் நேரே ஆற்காட்டுக்கே போய்விடுகிறார்கள். அன்று வேலூர், திருத்தணி, சித்தூர் எல்லாமே அந்த ஜில்லாதான். கிராமத்தின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டு வாசித்து, தாலுகாவின் கிராமப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். செட்டில்மென்ட் (நிலவரி) பதிவேட்டில் பெயர் இல்லையே என்று திரும்பிவிட வேண்டாம். அது பட்டாதாரர் கணக்கு. கூலிக்குக் கப்பலேறியவருக்கு ஏது பட்டா? வீட்டில் வழிவழியாகக் கும்பிடும் குலதெய்வத்தின் பெயர் அதைவிட உதவும்.

ஊரும் உறவென்று சொல்லும் குடும்பமும் கிடைத்த பிறகுதான் டி.என்.ஏ.வுக்கு வேலை. எள்ளுத்தாத்தாவின் டி.என்.ஏ. பங்கு உங்களிடம் சராசரியாக 6.25 சதவீதம், அவருடைய பேரன் உயிரோடிருந்தால் அவரிடம் 25. ஆகவே வீட்டில் மூத்தவரைத்தான் பரிசோதிக்க வேண்டும். தேடி வந்த குடும்பம், இங்குள்ள குடும்பம் என இரு பக்கமும் இரண்டு மூன்று பேராவது எச்சில் கொடுங்கள். கொள்ளுத்தாத்தாவின் தாய்தந்தையர் வழியில் மட்டும் உறவாகும் மூன்றாம் தலைமுறைப் பங்காளிகளில் பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே தெரியாது. பொருந்தவில்லை என்பதால் உறவில்லை என்றாகாது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் நம்மிடம் உண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டியதால், தூரத்து உறவும் பொருந்தும் டி.என்.ஏ.வின் மொத்தக் கணக்கில் நெருங்கிய உறவாகத் தெரியும். மொத்தத்தை நம்பாமல், இருவருக்கும் பொதுவான மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். 7 சென்டிமார்கனுக்குக் (டி.என்.ஏ. துண்டை அளக்கும் அலகு) குறைந்த துண்டுகளை ஒதுக்கிவிடலாம்.

பரிசோதனைக்கு எச்சில் எடுக்க அரை மணி முன்பிருந்தே காபி, வெற்றிலை கூடாது. குழாயில் நுரை கணக்கில்லை. குழாயில் போட்டிருக்கும் கோடு வரை எச்சில் வர வேண்டும். வாய் உலர்ந்த முதியவர்களுக்கு, கன்னத்தின் உட்புறம் தேய்த்தெடுக்கும் பஞ்சுக்குச்சி முறைதான் சுலபம்.

இப்படிக்கு,
வாசகர், எழும்பூர், சென்னை