கயலுக்கு, அந்தச் சுவர் வேலையைப் பற்றி

அன்புள்ள கயல்,

நகராட்சி காட்டுகிற சுவர், அவர்கள் சொல்கிற பொருள், அதற்கு வாரக் கூலி, இதெல்லாம் ஓவியமா என்று கேட்டாய். அம்மா, "விடுங்க, அவளே யோசிக்கட்டும்" என்கிறாள். தாராளமாக யோசி. அதற்கு முன் நான் சொல்வதையும் காதில் போட்டுக்கொள். ரிட்டையர் ஆகும்வரை டிராயிங் மாஸ்டராகச் சம்பளம் வாங்கி வரைந்தவன் நான். கூலி என்று நீ இழுத்துச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது உண்மைதான்.

போன வருஷம் நீ எங்களை சான் ஃபிரான்சிஸ்கோவில் கோய்ட் டவர் என்ற கோபுரத்துக்குக் கூட்டிப்போனாயே, நீங்கள் இருவரும் லிஃப்டில் மேலே போய்க் கடலைப் பார்த்தீர்கள், நான் கீழேயே சுவரோவியங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்தச் சுவர்களை வரைந்தவர்கள் எல்லாரும் வாரக் கூலி வாங்கியவர்கள்தான்.

1933இல் அமெரிக்காவில் உழைக்கக்கூடியவர்களில் நாலு பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் நின்றார். அந்த நிலைமையில் படம் வாங்க யார் வருவார்கள்? அந்த மே மாதம் ஜார்ஜ் பிடில் என்ற ஓவியர், ஒரே பள்ளியில் படித்த பழக்கத்தில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டார். மெக்சிகோவில் அரசாங்கம் ஓவியர்களுக்குப் பிளம்பர் கூலி கொடுத்துச் சுவர்களில் வரையவைத்தது, இங்கேயும் செய்யலாமே என்று. டிசம்பரில் திட்டம் வந்துவிட்டது. சில மாதங்கள்தான் ஓடியது. அதற்குள் 3,700 பேருக்கு மேல் வேலை கிடைத்தது. 15,000க்கும் அதிகமான படங்களும் சிற்பங்களும் வந்தன. ஓவியனுக்கெல்லாம் நிவாரணமா என்று முணுமுணுத்தவர்களிடம், நிவாரணப் பணிகளைக் கவனித்துவந்த ஹாரி ஹாப்கின்ஸ், அவர்களும் மற்றவர்களைப் போலச் சாப்பிட்டாக வேண்டுமே என்றாராம். இதைவிட நேர்மையான கலைக் கொள்கையை நான் எங்கும் படித்ததில்லை.

அந்தத் திட்டத்தில்தான் கோய்ட் டவரிலும் வரைந்தார்கள். சுமார் 25 ஓவியர்கள், அவர்களுக்கு உதவியாளர்கள். பெரும்பகுதி ஈரச் சாந்தில் வரைந்தது. அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்குத்தான் சுண்ணாம்புச் சாந்து பூசவேண்டும். அது காய்வதற்குள் தண்ணீரில் குழைத்த நிறத்தை ஏற்றிவிட வேண்டும். சாந்து இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிசகினால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். இன்றைக்கு மனசு சரியில்லை என்று சொன்னால் சாந்து கேட்காது.

விக்டர் அர்னாட்டாஃப் வரைந்த 'நகர வாழ்க்கை' என்ற சுவரின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். கடைவீதி, தொப்பி போட்ட கூட்டம், எல்லாருக்கும் அவசரம். ஓரிடத்தில் நல்ல உடை உடுத்திய ஒருவரைத் துப்பாக்கி முனையில் வழிப்பறி செய்கிறார்கள். பக்கத்தில் போகிறவர்கள் பாட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பத்திரிகைக் கடை. இடதுசாரிப் பத்திரிகைகள் பளிச்சென்று தொங்குகின்றன. அந்த ஊரின் பெரிய பத்திரிகையான கிரானிக்கிளை மட்டும் காணோம். கடைக்குப் பக்கத்தில் ஒன்றும் அறியாதவர் மாதிரி நிற்பவர் யார் தெரியுமா? அர்னாட்டாஃபேதான்! அரசாங்கச் சம்பளத்தில் செய்த குறும்பு இது.

வம்பும் வந்தது. 1934 கோடையில் அங்கே துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஜூலை 5 அன்று போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், கோபுரத்துக்குள் கம்யூனிஸ்ட் படம் இருக்கிறது என்று பத்திரிகைகள் கிளப்பிவிட்டன. திறக்காமல் பூட்டியே வைத்தார்கள். கிளிஃபர்ட் வைட் வரைந்திருந்த அரிவாள் சுத்தியல் சின்னத்தை அழித்த பிறகு அக்டோபரில்தான் திறந்தார்கள். அழித்தது தப்புதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு சின்னத்தைத் தூக்கி வைப்பதைவிட, கடையில் ஒரு பத்திரிகையை வைக்காமல் விடுவது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று பார். அந்தக் கடை இன்றும் அங்கேயே இருக்கிறது.

எல்லாம் இப்படி அமைந்தது என்று சொல்லமாட்டேன். பிறகு ஊர் ஊராகத் தபால் நிலையங்களில் ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார்கள். நான் புத்தகங்களில் பார்த்த வரையில் பல படங்கள் சப்பென்று இருக்கின்றன. அறுவடை, தபால் வண்டி, மறுபடியும் அறுவடை. தென் கரோலினாவில் ஏய்க்கன் என்ற ஊரின் நீதிமன்றத்தில் ஸ்டெஃபான் ஹிர்ஷ் வரைந்த படம் நீதிபதிக்குப் பிடிக்கவில்லை என்று திரை போட்டே மூடிவிட்டார்கள். உனக்கும் கமிட்டிக்காரர்கள் இப்படி ஏதாவது செய்யலாம், அதற்கும் தயாராக இரு.

1935இல் வந்த பெரிய வேலைத் திட்டம், டபிள்யூ.பி.ஏ. என்பார்கள், எட்டு வருஷத்தில் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. சாலை, பாலம், பள்ளிக்கூடம், எல்லாவற்றோடும் ஓவியமும். மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிற கூட்டம் என்று அவர்களைக் கேலி செய்தார்கள். நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைச் சொல்வதில்லையா, அதே பேச்சு. பிறகு பெரும் புகழ் பெற்ற ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கும் அந்தச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்தான். போர்க்காலத்தில் திட்டத்தை மூடியபோது நியூயார்க் கிடங்கில் கிடந்த கேன்வாஸ்களைப் பழைய துணி மாதிரி எடைக்குப் போட்டார்கள், பவுண்டு நாலு சென்ட். அதில் கொஞ்சம் ஒரு பிளம்பர் கைக்குப் போனதாம். குழாய்களில் சுற்றிப் பார்த்தாராம். சூட்டில் எண்ணெய் நாற்றம் தாங்கவில்லையாம். பிளம்பர் கூலி என்று பேச்சைத் தொடங்கிய பிடிலுக்கு இது தெரிந்திருந்தால் சிரித்திருப்பாரா, அழுதிருப்பாரா!

அதனால் சுவரை விடாதே, அதை எடைக்குப் போட முடியாது. ஒப்பந்தத்தில் மட்டும் கறாராக இரு. ஸ்கெட்சில் திருத்தம் சொன்னால் எத்தனை முறை, அதற்குத் தனிக் காசு உண்டா என்று கேள். சாரம் கட்டுகிற செலவு அவர்களுடையது என்று எழுதி வாங்கு. பிற்பாடு வெள்ளையடிக்க நினைத்தால் உன்னிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு வரி சேர். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய். ஸ்கெட்ச் போட்டதும் கமிட்டிக்கு முன்னால் எனக்கு அனுப்பு, நான் திருத்தம் சொன்னால் காசு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா