தூத்துக்குடியும் கொச்சியும் எங்களுக்கு ஒரே வாசல்தானுங்க: தமிழ்நாடு, கேரள அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில ஷிப்பிங் டாக்குமென்ட் பாக்கறவன் நானு. ரெண்டு பக்கத்துத் துறைமுகங்களும் சேந்து வேல செய்யணும்னு கேட்டு ரெண்டு அரசுக்கும் ஒரே மடலா எழுதறேனுங்க, தனித்தனியா எழுதினா எங்க பிரச்சனையே புரியாது.

கோயமுத்தூர்ல இருந்து கொச்சி 200 கிலோமீட்டருக்குள்ள, தூத்துக்குடி 350க்கு பக்கம். ஆனா எங்க பாக்ஸ் (கன்டெய்னர்) பெரும்பாலும் தூத்துக்குடிக்குத்தான் போகுது, நெறைய பாக்ஸ் அங்கிருந்து ஃபீடர்ங்கற சின்னக் கப்பல்ல கொழும்பு போயி, மதர் வெசல்ங்கற பெரிய கப்பலுக்கு மாறி, அப்புறந்தான் ஐரோப்பா.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 11 மணி, 40 அடி பாக்ஸ்ல கடைசி அட்டைப்பெட்டிய ஏத்தி, கதவச் சாத்தி, சீல் போட்டு, சீல் நம்பர செல்போன் லைட்டுல ரெண்டு தடவ படிச்சு எழுதிக்கிட்டு அனுப்பினோம். லாரி திண்டுக்கல் தாண்டினப்புறம் மெயில் வருது, ஃபீடர்ல எடம் இல்லையாம், பாக்ஸ் அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளிப் போயிடுச்சு. அதே வாரம் கொச்சில ஒரு கப்பல்ல எடம் இருந்துச்சுங்க! ஆனா ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸ்ல குடுக்கற ஏற்றுமதிப் பேப்பர்), புக்கிங் எல்லாம் தூத்துக்குடிக்குப் போட்டாச்சு, எல்லாத்தையும் மாத்தி எடுக்கறதுக்குள்ள அந்தக் கப்பலும் போயிரும். பையர் டிஸ்கவுன்ட் கேட்டாரு, குடுத்தோம், அந்த ஆர்டர்ல கையில ஒண்ணும் நிக்கலை.

துறைமுகங்க ஒண்ணா சேந்தது புதுசில்லைங்க. டென்மார்க், ஸ்வீடன்னு வேற வேற நாட்டுல இருக்கற கோபன்ஹேகனும் மால்மோவும் 2001லயே துறைமுகத்த ஒரே கம்பெனியாக்கிட்டாங்க. சீனால செஜியாங் மாகாண அரசு 2015ல நிங்போ, சௌஷான், வென்சௌன்னு அத்தன துறைமுகத்தையும் ஒரு குழுமத்துக்குள்ள கொண்டாந்துச்சு. அங்கயே ஷான்டோங் மாகாணமும் 2019ல அதையே செஞ்சுது. பெல்ஜியத்துல ஆன்ட்வெர்ப்பும் ப்ரூஜும் 2022ல சேந்துச்சு. அவங்களுக்குள்ளயும் போட்டி இருந்துச்சு தானுங்களே?

இங்க தூத்துக்குடி, கொச்சி ரெண்டும் மத்திய அரசோடது, திருவனந்தபுரம் பக்கத்துல இருக்கற விழிஞ்ஞம் கேரளாவோடது, சின்ன துறைமுகங்கள் தமிழ்நாட்டோடது. அதனால நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணினா மட்டும் பத்தாதுன்னு தெரியுமுங்க. ஆனா 2020ல எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல மத்திய அரசுக்கு இருந்த பங்க சென்னைத் துறைமுகம் வாங்கிச்சே, மனசு வெச்சா நடக்குது. நீங்க ரெண்டு பேரும் சேந்து போயி கேட்டா டெல்லி கேக்காம இருக்காது. விழிஞ்ஞத்துல இயற்கையாவே 18 மீட்டர் ஆழம், பெரிய கப்பலே நேரா வந்து நிக்குது, அப்புறம் எங்க பனியன் எதுக்குங்க கொழும்பு போயி காத்துக் கெடக்கணும்?

உடனே ஒரே கம்பெனி ஆக்குங்கன்னு கேக்கல. தூத்துக்குடில சுமை தூக்கறவங்க, லாரிக்காரங்க பொழப்பு போயிருமோன்னு எனக்கும் வெசனந்தான், அவங்களையும் உக்கார வெச்சுப் பேசுங்க. முதல்ல தூத்துக்குடி, கொச்சி, விழிஞ்ஞம் மூணு துறைமுகத்து கப்பல் அட்டவணையையும் ஒரே எடத்துல போடுங்க. ஒரு துறைமுகத்துக்குப் போட்ட பேப்பர் இன்னொண்ணுக்கும் செல்லற மாதிரி கஸ்டம்ஸ்கிட்ட சேந்து கேளுங்க. கோயமுத்தூர் பக்கம் இருகூர்ல இருந்து தூத்துக்குடி, கொச்சின்னு ரெண்டு பக்கமும் நாள் தவறாம கன்டெய்னர் ரயில் விடச் சொல்லுங்க.

பேச வர்றதா இருந்தா திருப்பூருக்கே வாங்க, ஸ்டஃபிங் (பாக்ஸ்ல சரக்கு ஏத்தறது) நடக்கற எடத்துல நின்னே காட்டறோம். சனிக்கிழமை மட்டும் வேண்டாமுங்க, அன்னிக்கு சம்பள நாளு.