முடிச்சில்லாத ஷூவும் என் இடது கையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. முடிச்சே போட வேண்டாத ஷூ லேஸ் விற்கிறார்களாம், இனிப் பிள்ளைகளுக்குக் குனியக்கூடச் சோம்பலாகிவிடும் என்று வருத்தப்பட்டிருந்தார். படித்ததும் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன். அந்தச் சோம்பேறி லேஸ் என் ஷூவில்தான் இருக்கிறது. எனக்கு வயது 69.

2022 ஐப்பசியில் எனக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். கால் தேறிவிட்டது, கை முக்கால்வாசிதான் தேறியது. பையைத் தூக்கும், தட்டைப் பிடிக்கும். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஒரு லேஸைக் கிள்ளிப் பிடி என்றால் மட்டும் கேட்காது. தினமும் நடக்க வேண்டும், செருப்பு தடுக்கும், ஷூ போட்டுத்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று 2.5 கிலோமீட்டர். காலை ஐந்தே காலுக்கு வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டுவேன், என் மனைவி லேஸ் கட்டிவிடுவாள். அவளுக்கு மூட்டுவலி. ஒருநாள் கட்டிக்கொண்டே, "மெட்டி போட்ட அன்னிக்கு நீங்க என் காலைப் பிடிச்சீங்க, இப்ப நான் பிடிக்கிறேன். கணக்கு தீந்துச்சுங்க" என்றாள். சிரித்துவிட்டோம். ஆனால் அரைச் சுற்றில் லேஸ் அவிழ்ந்தால் சிரிக்க முடியாது. அங்கே முன்பின் தெரியாத யாரையாவது கூப்பிட்டு, "தம்பி, இதைக் கொஞ்சம் கட்டிவிடறீங்களா?" என்று கேட்க வேண்டும். மூன்று முறை கேட்டிருக்கிறேன். நான்காவது முறை கேட்கப் பிடிக்காமல் லேஸை ஷூவுக்குள் செருகிக்கொண்டு நடந்தேன். பிசியோதெரபிஸ்ட் ஒற்றைக் கையால் கட்டும் முறை ஒன்றும் சொல்லிக் கொடுத்தார். ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு, மற்ற நுனியை வளைத்து வளைத்துக் கோத்துக் கடைசியில் செருகிவிடுவது. நல்ல முறைதான், எனக்குத்தான் பாதி வழியில் தளர்ந்துவிடும்.

இன்ஜினியரிங் படிக்கும் என் பேத்தி இதற்கு ஒரு காரணம் சொன்னாள். 2017இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் டிரெட்மில்லில் ஓட, வினாடிக்கு 900 படம் எடுக்கும் கேமராவால் அவர் ஷூவைப் படம் பிடித்தார்களாம். கால் தரையில் அடிக்கும்போது புவியீர்ப்பைப்போல் 7 மடங்கு விசையில் ஒரு அதிர்ச்சி. அதில் முடிச்சு நெகிழ்கிறது. காலை வீசும்போது தொங்கும் நுனிகள் சாட்டை மாதிரி இழுக்கின்றன. ஒருமுறை வழுக்க ஆரம்பித்துவிட்டால் சில எட்டிலேயே முடிச்சு போச்சு. எனக்கு இது உடனே புரிந்தது. மெஷின் அதிர்வில் நட் கழல்வதும் இப்படித்தான். அதற்குத்தானே ஸ்பிரிங் வாஷர் போடுகிறோம்!

நான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில், நூலைச் சுற்றும் வைண்டிங் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன். அறுந்த நூலை முடிச்சுப் போட அந்தக் காலத்தில் பெண்கள் கையில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொள்வார்கள். நூலை வைத்து விரலை அசைத்தால் டக்கென்று முடிச்சு விழும். ஆனால் அந்த முடிச்சு பனியன் கம்பெனியில் பின்னல் ஊசியில் மாட்டித் துணியில் ஓட்டை விழும். திருப்பூரிலிருந்து திட்டு வரும். அப்புறம் ஸ்பிளைசர் வந்தது. இரண்டு நுனியையும் பிரித்து, காற்றை அடித்து, இழையோடு இழையை முறுக்கிச் சேர்த்துவிடும், முடிச்சே கிடையாது. அப்போது எங்கள் வைண்டிங் பெண்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று எந்த மேஸ்திரியும் சொல்லவில்லை.

இந்த லேஸைப் பேத்திதான் ஆன்லைனில் வாங்கினாள். வட்டமான எலாஸ்டிக் கயிறு. ரெயின்கோட் கழுத்தில் அமுக்கினால் நகர்கிற, விட்டால் பிடித்துக்கொள்கிற பொத்தான் இருக்குமே, அதுபோல ஒன்று. நுனிக்கு ஒரு கிளிப். அவ்வளவுதான். நீந்தி, சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓடுகிற டிரையத்லான்காரர்கள் ஷூ மாற்றும் நேரத்தை மிச்சப்படுத்த இதைத்தான் போடுவார்களாம். நமக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

ஆனால் மாட்டுவதில் இரண்டு தப்புச் செய்தேன். உட்கார்ந்தபடியே இறுக்கி, மிச்சத்தை அன்றே வெட்டிவிட்டேன். எழுந்து நின்றால் பாதம் அகலும் என்பது ஃபிட்டருக்கே மறந்துபோனது. ஒரு ஜோடி வீண். இரண்டாவது ஜோடியை, போகட்டும், கெட்டியாக இருக்கட்டும் என்று இழுத்துவிட்டேன். சாதாரண லேஸ் நேரம் ஆக ஆக இளகும், எலாஸ்டிக் இளகாது, நாள் முழுக்க அமுக்கிக்கொண்டே இருக்கும். என் இடது பாதத்தில் உணர்ச்சி குறைவு, வலி தெரியவில்லை. ஷூவைக் கழற்றியபோது பாதத்தின் மேல் கயிறு பதிந்த சிவப்புத் தடம். சர்க்கரை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இப்போது மேல் துளையை விட்டுவிட்டு, நின்றபடி, ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாக வைத்திருக்கிறேன். மூன்று நாள் நடந்து பார்த்த பிறகுதான் நுனியை வெட்டினேன். வெட்டிய இடம் பிசிறடிக்காமல் இருக்க ஊதுபத்தி நெருப்பில் லேசாகச் சுட்டுக் கிளிப்பில் வைத்தேன். இப்போது ஷூவைச் செருப்பு மாதிரி நுழைத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டப் பந்தயக்காரன். இறக்கத்தில் வேகமாக ஓடினால் குதிகால் தூக்குகிறது, எனக்குப் பழைய லேஸ்தான் சரி என்கிறான். அவன் சொல்வதும் உண்மைதான்.

என் குறை கடைகள்மேல்தான். இன்னொரு ஜோடி வாங்க நகரில் ஒரு பெரிய ஷூ கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் என் கையைப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க ஐயா இதெல்லாம், ஒட்டுற மாதிரி ஷூ இருக்கு, பெரியவங்க அதுதான் போடுவாங்க" என்றான். அந்த ஒட்டும் பட்டை எனக்குத் தெரியும். ஆறு மாதத்தில் பஞ்சும் முடியும் அடைத்து, பிடிப்புப் போய்விடும். ஓடுகிறவர்களின் ஷூவை ஏன் நான் போடக்கூடாது?

அமெரிக்காவில் பெருமூளை வாதம் உள்ள மேத்யூ வால்சர் என்ற 16 வயதுப் பையன், கல்லூரியில் தினமும் ஒருவர் வந்து லேஸ் கட்டிவிடும் நிலை தனக்கு வேண்டாம் என்று 2012இல் நைக்கி கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். 2015இல் கட்ட வேண்டாத ஷூ ஒன்று கடைக்கு வந்தது. நான் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. கோவை ஷூ கடைக்காரர்கள் கறுப்பு லேஸ், வெள்ளை லேஸ் தொங்குகிற அதே கம்பியில் இதையும் நாலு ஜோடி தொங்கவிட வேண்டும். நின்றபடி அளவு பார்க்கணும் என்று ஒரு வார்த்தை சொல்லி விற்க வேண்டும்.

அந்த ஆசிரியருக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு முடிச்சுக் கற்றுத்தருவது நல்லதுதான். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டிய வில், அதாவது முடிச்சின் இரண்டு வளையங்களும், ஷூவுக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் முடிச்சு சரி. விரலுக்கும் கணுக்காலுக்குமாக நெட்டுவாக்கில் திரும்பி நின்றால் தப்பு முடிச்சு, சீக்கிரம் அவிழும். முதல் பின்னலை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஐயா ஒருநாள் காலை ரேஸ்கோர்ஸ் பக்கம் வரட்டும். அவர் குனிந்தே கட்டிக்கொள்ளட்டும். வில் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.