கவினின் ரன் ரேட்

அன்புள்ள செந்திலுக்கு,

உன் மகன் கவின் இங்கே நன்றாக இருக்கிறான். புரோகிராமிங் என்றாலே ஓடுகிறான், நீயாவது சொல்லும்மா என்று புலம்பினாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய்.

முதலில் அந்த ஆன்லைன் வகுப்பை நிறுத்து. அதில் சொல்லித் தரும் ஸ்கிராட்ச், கட்டளைக் கட்டைகளை அடுக்கித் திரையில் ஒரு பூனையை ஆட்டிவைப்பது, நல்ல கருவிதான், நானே பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பூனையை நடக்கவைக்க வேண்டும் என்று இவன் யாரிடமும் கேட்கவில்லையே.

இவன் கேட்டது வேறு. ராத்திரி இருபது ஓவர் மேட்ச் பார்க்கும்போது, "ஆச்சி, இனி ஓவருக்கு எத்தனை அடிக்கணும்?" என்று பந்துக்குப் பந்து நச்சரித்தான். டிவியில் அது எப்போதாவதுதான் வருகிறது. "என்னால முடியாதுடா, லேப்டாப்பைக் கணக்குப் போடச் சொல்லு" என்றேன். பைதான் என்ற புரோகிராமிங் மொழியில் அவன் எழுதியது நாலைந்து வரிதான். முதலில் சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. "ஆச்சி, திட்டுது!" என்றான். நாம் தட்டுவதை அது எண்ணாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாகத்தான் எடுக்கும், எண்ணாக மாற்று என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம்தான் வேடிக்கை. இலக்கு 180, 12.3 ஓவரில் 96 ரன், இன்னும் 84 வேண்டும். இவன் புரோகிராம் 10.91 என்றது, டிவியில் 11.20. டிவிதான் தப்பு என்று சண்டை! நான் வாயைத் திறக்கவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்து அவனே கண்டுபிடித்தான். 12.3 என்றால் பன்னிரண்டு ஓவரும் மூன்று பந்தும். மிச்சம் 45 பந்து, அது ஏழரை ஓவர். கம்ப்யூட்டரோ 20-இல் 12.3-ஐக் கழித்து 7.7 என்று வைத்துக்கொண்டது.

நானாக இருந்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பிரித்தெடுக்கப் பார்த்திருப்பேன். அதிலும் ஒரு வம்பு உண்டு: 12.1-இல் 12-ஐக் கழித்தால் பைதான் சரியாக 0.1 தராது, 0.0999... என்று ஏதோ தரும். அதைப் பத்தால் பெருக்கிப் பின்னத்தை வெட்டினால் பூஜ்யம். ஒரு பந்தே காணாமல் போய்விடும். இவன் ஓவரைத் தனியாக, பந்தைத் தனியாகக் கேட்டு வாங்கிவிட்டான். எவ்வளவு சுத்தமான வழி பார்!

இப்போது மழை பெய்தால் இலக்கை எப்படி மாற்றுகிறார்கள் என்று கேட்கிறான். அதற்கான டக்வொர்த்-லூயிஸ் முறை 1997-இல் வந்தது, மிச்ச ஓவரையும் கையில் உள்ள விக்கெட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்ற வரைக்கும் சொல்லியிருக்கிறேன். அங்கே வந்து உன்னைக் கேட்பான். தெரிந்தால் சொல்லு, இல்லையென்றால் சேர்ந்து தேடுங்கள். கீபோர்டை மட்டும் அவன் கையிலிருந்து வாங்காதே. வேலை, சம்பளம், ஏஐ என்று பேச்சை ஆரம்பிக்காதே. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். உன் பழைய லேப்டாப்பில் பைதானைப் போட்டு வை. மருமகளுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா