லெஸ் பால் கிட்டாரை லெஸ் பால் மட்டுமா செய்தார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், கிப்சன் கம்பெனி லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞரின் பெயரில் செய்யும் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தமிழ்ப் பத்திரிகையில் அரைப்பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் அந்தக் கிட்டாரை லெஸ் பாலே வடிவமைத்துத் தன் பெயரையும் வைத்துக்கொண்டார் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

லெஸ் பால் சாதாரண ஆள் இல்லை. 1940 வாக்கில் நியூயார்க்கில் எபிஃபோன் கிட்டார் தொழிற்சாலைக்குப் போய், நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டை ஒன்றில் கம்பிகளைக் கட்டி, பார்க்கக் கிட்டார் மாதிரி இருக்க வேண்டுமே என்று இரண்டு பக்கமும் ஒரு பழைய கிட்டாரின் உடலை அறுத்து ஒட்டி வாசித்தவர். அதைக் கிப்சனிடம் கொண்டுபோனபோது அவர்கள் மதிக்கவே இல்லை. 1950இல் போட்டிக் கம்பெனிக்காரர் லியோ ஃபெண்டர் உள்ளே குடைவில்லாத கட்டைக் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கிப்சனுக்குச் சுருக்கென்றது. அப்போது அங்கே தலைவராக இருந்தவர் டெட் மெக்கார்ட்டி. மஹாகனி உடல், அதன்மேல் வளைவாகச் செதுக்கிய மேப்பிள் பலகை என்ற அமைப்பு அவருடைய காலத்தில், மிச்சிகனில் கலமசூ தொழிற்சாலையில் உருவானது. கிட்டார் கிட்டத்தட்ட முடிந்த பிறகுதான் லெஸ் பாலிடம் எடுத்துப்போய்க் காட்டினோம் என்பது மெக்கார்ட்டி தரப்பு. இல்லை, என் யோசனைகளும் அதில் உண்டு என்பது லெஸ் பால் தரப்பு. அந்தச் சண்டையை விடுங்கள். 1952இல் தங்க நிறத்தில் வெளிவந்த அந்த முதல் மாடலில் இரண்டு தரப்பும் லெஸ் பாலுடையது என்று ஒப்புக்கொள்வது கம்பிகளின் கீழ்முனையை உடலோடு பிடித்துவைக்கும் டெயில்பீஸை.

வேடிக்கை என்னவென்றால், முதலில் தூக்கி எறியப்பட்டதே அதுதான். நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, போதுமான அளவு சாயாததால் கம்பிகளை டெயில்பீஸின் தண்டுக்கு மேலே போடாமல் கீழே சுற்றிவிட்டார்கள், அதனால் வலது உள்ளங்கையை வைத்துக் கம்பிகளை அமுக்கி வாசிக்கவே முடியாது. ராக் வாசிக்கிறவனுக்கு அது இல்லாமல் எப்படி? அடுத்த வருடமே அதை மாற்றினார்கள். அப்புறம் கம்பிகளைத் தாங்கி ஒவ்வொன்றின் சுருதியையும் தனித்தனியாகச் சரிசெய்யவிடும் மெக்கார்ட்டியின் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் வந்தது. 1957இல் சேத் லவர் என்ற பொறியாளரின் ஹம்பக்கர் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி, வந்தது: எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்கள் மின்சார உறுமலை ஒன்றுக்கொன்று அடித்துவிடும், கம்பியின் சத்தம் மட்டும் கனமாக நிற்கும். இன்றைக்கு "லெஸ் பால் சவுண்ட்" என்று நாம் சிலாகிப்பதில் பெரும்பங்கு இந்த மனிதருடையது. உங்கள் கட்டுரையில் அவர் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை.

1958 முதல் 1960 வரை வந்த, நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் கருக்கும் சன்பர்ஸ்ட் நிற மாடல்கள் இன்று கோடிக்கணக்கில் விலை போகின்றன என்று எழுதியிருந்தீர்கள், சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் அவை விற்கவில்லை, இரண்டாயிரம் கூடச் செய்யாமல் நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சேர்த்திருக்கலாம். எரிக் கிளாப்டன் போன்ற ராக் கிட்டார்காரர்கள் பழைய லெஸ் பாலைத் தேடி வாங்கி, ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை முறுக்கி வைத்து வாசித்துக் காட்டிய பிறகுதான் 1968இல் கிப்சன் மறுபடி செய்ய ஆரம்பித்தது. இன்னொரு கூத்து: 1987இல் கன்ஸ் அண்ட் ரோசஸ் ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் ஸ்லாஷ் வாசித்ததைக் கேட்டு எத்தனையோ பேர் லெஸ் பால் வாங்கினார்கள், ஆனால் அவர் கையில் இருந்தது கிப்சனே இல்லை, கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த நகல். பின்னாளில் கிப்சன் ஸ்லாஷ் பெயரிலேயே சிக்னேச்சர் மாடல்கள் போட்டது. டெரிக் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

கலமசூ தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது. கிப்சனோடு நாஷ்வில் நகருக்குப் போக மறுத்த சில பழைய ஊழியர்கள் அடுத்த வருடம் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். மரபைப் பற்றி இத்தனை பத்தி எழுதியவர் இவர்களை எப்படி விட்டார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அடுத்த முறை இவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை போடுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் போட்டிருந்த படத்தில் இரண்டு கொம்போடு மெல்லிசாக இருப்பது கிப்சனின் இன்னொரு கிட்டாரான எஸ்.ஜி. 1961இல் லெஸ் பாலுக்குப் பதிலாக வந்த வடிவம் அது, ஆரம்பத்தில் லெஸ் பால் பெயரோடுதான் விற்றார்கள், 1963 வாக்கில் பெயரை எடுத்துவிட்டார்கள். அதனால் பாதித் தப்புதான். ஆனால் கீழே 1959 மாடல் என்று போட்டது முழுத் தப்பு, திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் வாசிக்கும் ஒரு வாசகன்